புல்லுக்கு தீ வைக்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை விடியக்காலைலயே பையனையும் கூட்டிட்டு கிருஷ்ணகிரி டேம் பக்கம் பருந்து பாக்க போனேன், பனி விலகவே எட்டு மணி ஆயிடுச்சு, விராலடிப்பான் ஒண்ணு தண்ணிக்கு மேல அப்படியே நின்னு காலை நீட்டி விழுந்து மீனோட எழும்புச்சு பாருங்க, பையன் மூச்சே விடல.

மத்தியானம் மேல ஒரு ஏரிக்கரை மேய்ச்சல் காட்டுக்கு போனோம். அங்கதான் பூனைப்பருந்து. அதுல மாண்டேகுங்கிற வகை, ஆண் ஒண்ணு, சாம்பல் கலர், றெக்கை மேல கருப்பு கோடு, புல்லு நுனிய ஒட்டி ஆடி ஆடி போகுது. கஜகஸ்தான் மாதிரி மத்திய ஆசிய புல்வெளியில இருந்து குளிர்காலத்துக்கு இங்க வருது, வெட்டுக்கிளிய நல்லா புடிச்சு தின்னும், நம்ம கடலை, கொள்ளு போடற விவசாயிக்கு நல்லதுதானே. ஆடு மேய்ச்சிட்டு இருந்த பெரியவர் சொன்னாரு, "சார், இருட்டுற வரைக்கும் இருங்க, அது மரத்துல உக்காராது, தரையிலதான் படுக்கும்". இருந்தோம். பதினோரு பருந்து ஒண்ணொண்ணா புல்லுக்குள்ள இறங்குச்சு. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா பக்கத்துலயே பாதி காடு கரியா கிடக்கு, யாரோ தீ வச்சிருக்காங்க. ராத்திரி வச்சா தூங்குற பறவை என்ன ஆகும்? மார்ச், ஏப்ரல்ல அது கிளம்புற வரைக்குமாவது புல்ல எரிக்க வேண்டாம்னு ஊராட்சில தண்டோரா போடச் சொல்லி உங்க பத்திரிகைல எழுதுங்க.

- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்