சுமாரான ஆளா கான்ஸ்டன்டைன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெஸ்ட் இண்டீஸ் ஆல்ரவுண்டர்களைப் பற்றி வந்த கட்டுரையை டீக்கடையில் உட்கார்ந்தே இரண்டு தடவை படித்தேன். சோபர்ஸைப் பற்றி எழுதியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில் லியரி கான்ஸ்டன்டைன் பெயரைப் போட்டு, 18 டெஸ்ட், 635 ரன், 58 விக்கெட், அந்தக் காலத்துக்குச் சுமாரான வீரர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தச் 'சுமார்' எனக்கு ஆறவே இல்லை.

எண்ணிக்கையில் தப்பில்லை. பேட்டிங் சராசரி 19.24 தான், பந்துவீச்சு 30.10. ஆனால் அவர் ஆடிய 1928-லிருந்து 1939 வரை, பதினோரு வருஷத்தில், வெஸ்ட் இண்டீஸ் ஆடிய மொத்த டெஸ்டே 22. இன்றைக்கு இரண்டு மூன்று வருஷத்தில் ஆடி முடித்துவிடுகிறார்கள். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள், பிரிஸ்பேனில் ஒரே ஒரு டெஸ்ட், 3 விக்கெட். அந்த 3-ஐ வைத்து அந்தப் பையனை அளக்கலாம் என்று சேலத்தில் யாராவது சொன்னால் வீடு போய்ச் சேரமாட்டார். அப்படியிருக்கும்போது கான்ஸ்டன்டைனுக்கு மட்டும் ஏன் இந்தத் தராசு?

அவருடைய ஆட்டம் டெஸ்டில் இல்லை. சனிக்கிழமை மதியம், ஒரு நெசவு ஊரின் மைதானத்தில் இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் வீட்டுக் கதை கொஞ்சம். டிரினிடாட்டில் 1901-ல் பிறந்தவர். அப்பா லெப்ரன் ஒரு கொக்கோ எஸ்டேட்டில் கண்காணி வேலை பார்த்தவர், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து மேஸ்திரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிமைத்தனம் ஒழிந்து ரொம்ப நாள் ஆகாத காலம். அந்த மேஸ்திரிதான் 1900-ல் இங்கிலாந்துக்குப் போன வெஸ்ட் இண்டீஸ் அணியில் ஆடி, லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் எம்.சி.சி. கிளப்புக்கு எதிராக 113 அடித்தார். இங்கிலாந்தில் வெஸ்ட் இண்டீஸ் அணிக்காக அடிக்கப்பட்ட முதல் சதம் அது. கையில் காசில்லாமல் கப்பலேறாமல் நின்றவருக்கு ஊர்க்காரர்கள் பணம் திரட்டி, புறப்பட்டுவிட்ட கப்பலை வேகப்படகில் துரத்திப் பிடித்து ஏற்றிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. தாய்மாமன் விக்டர் பாஸ்காலும் வெஸ்ட் இண்டீஸுக்கு ஆடியவர். வீட்டில் பயிற்சி நடக்கும்போது அம்மாவும் சேர்ந்துகொள்வாராம். அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பையன் பந்தைப் பிடிப்பதில் பேய் மாதிரி இருந்ததில் ஆச்சரியம் என்ன.

1928-ல்தான் வெஸ்ட் இண்டீஸ் முதன்முதலாக டெஸ்ட் ஆடியது. ஜூன் 23, லார்ட்ஸ். வெஸ்ட் இண்டீஸின் முதல் டெஸ்ட் விக்கெட்டை எடுத்தவர் கான்ஸ்டன்டைன்தான், அந்த இன்னிங்ஸில் 82 ரன்னுக்கு 4. தொடர் என்னவோ படுதோல்வி, மூன்று டெஸ்டிலும் இன்னிங்ஸ் தோல்வி. ஆனால் அதே ஜூன் மாதம், அதே லார்ட்ஸில், டெஸ்ட் தொடங்குவதற்கு முன்பே மிடில்செக்ஸ் என்ற இங்கிலாந்து கவுண்டி அணியோடு ஒரு ஆட்டம் நடந்தது. உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

காலில் அடிபட்டிருந்தது, ஓய்வு எடு என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் இறங்கினார். மிடில்செக்ஸ் 352 அடித்து டிக்ளேர் செய்துவிட்டது. வெஸ்ட் இண்டீஸ் 79 ரன்னுக்கு 5 விக்கெட். உள்ளே வந்தார், ஒரு மணி நேரத்துக்குள் 86. அதனால் ஃபாலோ-ஆன், அதாவது உடனே மறுபடி பேட் பிடிக்க வேண்டிய நிலை, தப்பியது. அப்புறம் பந்தைக் கையில் வாங்கி 57 ரன்னுக்கு 7 விக்கெட், மிடில்செக்ஸ் 136-ல் சுருண்டது. ஜெயிக்க 259 வேண்டும், மறுபடியும் 121-க்கு 5 என்று தள்ளாட்டம், மறுபடியும் இவரே வந்து ஒரு மணி நேரத்தில் 103. அவர் அடித்த ஒரு பந்தைத் தடுக்கப் போன மிடில்செக்ஸ் ஆட்டக்காரர் ஹெர்னுக்கு விரலில் பலத்த அடி, அந்த சீசனில் ஹெர்ன் திரும்ப ஆடவில்லை. மூன்று விக்கெட்டில் வெற்றி. இந்த ஆட்டம் டெஸ்ட் கணக்கில் வராது, ஆகவே உங்கள் பட்டியலிலும் வராது. இதைச் செய்தவர் சுமாரான ஆளா?

அந்த ஆட்டத்துக்குப் பிறகு வட இங்கிலாந்தின் லங்காஷயர் லீக்கில் ஆடிய நெல்சன் கிளப் இவரைச் சம்பளத்துக்கு அழைத்தது. 1929-ல் போனார். ஊரில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்தவர், கறுப்புத் தோலுக்கு அதற்கு மேல் ஏணி கிடையாது, வேறென்ன செய்வார்.

இங்கேதான் சேலத்துக்காரனுக்கு ஒரு விஷயம் பிடிபடும். நெல்சன் என்பது 40,000 பேர் இருந்த ஒரு பருத்தி நெசவு ஊர். வாரமெல்லாம் தறிச் சத்தம், சனிக்கிழமை மதியம் மைதானம். எங்கள் பாட்டன்மார் சாபம் விட்ட லங்காஷயர் துணி அங்கேயிருந்துதான் வந்தது என்பது வேறு கதை (காந்தி 1931-ல் அந்தப் பக்கம் டார்வென் ஊருக்குப் போய் ஆலைத் தொழிலாளிகளைப் பார்த்தபோது நம்ம கான்ஸ்டன்டைன் பக்கத்திலேயே நெல்சனில் ஆடிக்கொண்டிருந்த காலம் அது). லீக்கில் ஒரு கிளப்புக்கு ஒரே ஒரு சம்பள ஆட்டக்காரர். மிச்சம் பத்துப் பேரும் தறிக்காரரோ குமாஸ்தாவோ கடைக்காரரோ. சம்பளக்காரர் அரைச் சதம் அடித்தால் மைதானத்தைச் சுற்றி வசூல் நடக்கும், ஜனங்கள் சில்லறையைப் போடுவார்கள். கூத்து பார்க்கும்போது துண்டு ஏந்தி வருவார்களே, அதேதான்.

அம்மாப்பேட்டையில் நாங்கள் ஆடியதும் கிட்டத்தட்ட இப்படித்தான். பாவு ஓட்டுகிறவன், தார் சுற்றுகிறவன், சாயப்பட்டறையில் கையெல்லாம் நீலமாக நிற்கிறவன், இவர்களோடு எண்ட்ரி ஃபீஸ் கட்டி ஒரு 'கெஸ்ட்' ஆட்டக்காரரை வெளியூரிலிருந்து கூட்டிவருவோம். கெஸ்ட் சொதப்பினால் ஊரே திட்டும். பதினோரு பேர் ஆட்டத்தை ஒரு ஆளின் முதுகில் ஏற்றுகிற வேலை அது. அதை ஒரு மேட்ச் செய்வதே கஷ்டம்.

கான்ஸ்டன்டைன் ஒன்பது சீசன் செய்தார். ஒன்பதில் ஏழு தடவை நெல்சன் லீக் சாம்பியன். 1934-ல் அக்ரிங்டன் அணியின் 10 விக்கெட்டையும் 10 ரன் கொடுத்து எடுத்தார். 1937-ல் ஈஸ்ட் லங்காஷயர் அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 192. மொத்தத்தில் நெல்சனுக்காக 6,000 ரன்னுக்கு மேல், 700 விக்கெட்டுக்கு மேல். அவர் ஆடுகிற மைதானத்தில் கூட்டம் தாங்காது, எதிரணி கிளப்புக்கும் டிக்கெட் பணம் கொட்டும். அவருக்குப் பிறகு 1938-ல் அந்த இடத்துக்குப் போனவர் நம்ம லாலா அமர்நாத்.

கிளப் சம்பளம் கொடுக்கிறதென்றால் கிளப்தான் முதலாளி. 1933-ல் வெஸ்ட் இண்டீஸ் இங்கிலாந்துக்கு வந்தபோது நெல்சன் அவரை ஒரே ஒரு டெஸ்டுக்குத்தான் விட்டது. ஓல்ட் டிராஃபோர்ட். ஆஸ்திரேலியாவில் இங்கிலாந்து கேப்டன் ஜார்டின் காட்டிய பாடிலைன் வித்தையை, அதாவது ஆளின் உடம்பைக் குறிவைத்து வேகப்பந்து போடுவதை, இவரும் சக வேகப்பந்து வீச்சாளர் மார்ட்டின்டேலும் ஜார்டினுக்கே காட்டினார்கள். ஜார்டின் அசராமல் நின்று 127 அடித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். மற்ற இரண்டு டெஸ்ட் போச்சு. இப்போது சொல்லுங்கள், அந்த 18 எதனால் 18 ஆச்சு?

டெஸ்டிலும் ஒன்றும் இல்லாமல் இல்லை. 1930-ல் ஜார்ஜ்டவுனில் வெஸ்ட் இண்டீஸ் வாங்கிய முதல் டெஸ்ட் வெற்றியில் பேட்ஸ்மேன் ஹெட்லி இரண்டு இன்னிங்ஸிலும் சதம், கான்ஸ்டன்டைனுக்கு 4-ம் 5-மாக 9 விக்கெட். 1935-ல் சொந்த ஊர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 90 அடித்து, இரண்டாம் இன்னிங்ஸில் 11 ரன்னுக்கு 3 எடுத்தார். அந்தத் தொடர்தான் அவர்கள் ஜெயித்த முதல் தொடர். 1939 ஓவல், உலகப் போருக்கு முந்தைய கடைசி டெஸ்ட், வயது 38-ஐத் தொட ஒரு மாதம், 75-க்கு 5 விக்கெட், ஒரு மணி நேர வாக்கில் 79 ரன்.

இன்னொன்று சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. 1943-ல் லார்ட்ஸில் ஆட வந்தவர் குடும்பத்தோடு லண்டன் இம்பீரியல் ஹோட்டலில் நான்கு ராத்திரிக்கு முன்பதிவு செய்திருந்தார். போனதும் ஒரு ராத்திரிதான் தங்கலாம் என்றார்கள். அங்கே தங்கியிருந்த வெள்ளை அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிடிக்காதாம். அவர் சண்டை போடவில்லை, கேஸ் போட்டார். 1944-ல் ஜெயித்தார். நஷ்ட ஈடு வெறும் 5 கினி, ஐந்து பவுண்டுக்குச் சற்று மேல். பணமா முக்கியம்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை, காரணம் எங்கள் அணியேதான். எண்பதுகளின் கடைசியில் ஒரு டோர்னமென்ட். வெளியூரிலிருந்து கூட்டிவந்த பந்துவீச்சாளர் அரையிறுதியில் 5 விக்கெட் எடுத்து எங்களைத் தூக்கி நிறுத்தினார். மதியச் சாப்பாடு ஒரு பெரிய வீட்டில். எங்களுக்கெல்லாம் உள்ளே பந்தி. அவருக்கு மட்டும் வெளித் திண்ணையில் இலை போட்டார்கள், எந்தத் தெருப் பையன் என்று யாரோ விசாரித்திருக்கிறார்கள். நாங்கள் பத்துப் பேரும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே சாப்பிட்டோம். நானும்தான். இரண்டாவது தடவை ரசம் கூட வாங்கினேன். ஃபைனலுக்கு அவர் வரவில்லை, கேப்டன் அவரைத்தான் திட்டினார், நம்பி மோசம் போனோம் என்று. அவருக்கு கேஸ் போட எந்த கோர்ட், எந்த வக்கீல்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1945-ல் லார்ட்ஸில் இங்கிலாந்தை எதிர்த்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மாதிரி நாட்டு ஆட்டக்காரர்கள் சேர்ந்த டொமினியன்ஸ் அணி ஆடியது. வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் நிறைந்த அந்த அணி, கேப்டனாக இருக்கவேண்டிய ஆஸ்திரேலியர் ஹாசெட் வர முடியாமல் போனதும், கான்ஸ்டன்டைனையே கேப்டனாக்கிக்கொண்டது. 45 ரன்னில் ஜெயித்தார்கள். சொந்த நாட்டு அணியோ, முழுத் தொடருக்கும் ஒரு கறுப்பரைக் கேப்டனாக்க ஃபிராங்க் வொரல் காலம், 1960 வரை காத்திருந்தது. 1948-ல் ஹெட்லிக்கு ஒரே ஒரு டெஸ்ட் கொடுத்ததோடு சரி. கான்ஸ்டன்டைனுக்கு டெஸ்ட் கேப்டன் பதவி கிடைக்கவே இல்லை.

மீதிக் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது விளையாட்டுப் பக்கத்தில் அடங்காது. ஐம்பது வயதுக்கு மேல் பாரிஸ்டர் ஆனார், டிரினிடாட்டில் மந்திரியானார், லண்டனில் அந்த நாட்டின் ஹை கமிஷனராக இருந்தார். 1963-ல் பிரிஸ்டலில் கறுப்பர்களுக்கு பஸ்ஸில் கண்டக்டர் வேலை கொடுக்க மறுத்ததை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பதவியைப் பார்க்காமல் வாயைத் திறந்தார், அதனால் சொந்த அரசாங்கத்தின் மனக்கசப்பையும் வாங்கிக்கொண்டார். 1969-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபைக்குப் போன முதல் கறுப்பர். 1971 ஜூலை 1 அன்று இறந்தார்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பட்டியல் போடும்போது டெஸ்ட் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, நெல்சன், ஒன்பது சீசன், ஏழு பட்டம் என்று எழுதுங்கள், இடம் இல்லையென்றால் எங்கள் ஊர்ப் பக்கம் வருகிற ஜவுளி விளம்பரத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம். பிரபு பட்டம் வாங்கும்போது எந்த ஊர்ப் பெயரோடு என்று சொல்லவேண்டும் இல்லையா, அவர் இரண்டு ஊரைச் சொன்னார். ஒன்று டிரினிடாட்டில் இருக்கிற மராவல். இன்னொன்று நெல்சன்.

இப்படிக்கு,
ஒரு பழைய விக்கெட் கீப்பர்,
அம்மாப்பேட்டை, சேலம்