விரல்கள் சொன்ன பொய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த ஓர் ஆங்கிலச் சிறுகதையின் தமிழாக்கமே இக்கடிதத்துக்குக் காரணம். இனி ஆற்றுப்பக்கமே போகமாட்டேன் என்று ஒரு சிறுவன் தன் தாயிடம் உறுதி கூறும் இடத்தில், 'கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான்' என்று அச்சாகியிருந்தது. அடுத்த பத்தியிலேயே அவன் ஆற்றில் குதிக்கிறான். குற்ற உணர்ச்சியின் சாயல்கூட அவனிடம் இல்லை. இவ்வளவு பணிவானவன் எப்படி இப்படி மாறினான் என்று விளங்காமல் மூலத்தைத் தேடிப் படித்தேன். அங்கே அவன் கைகட்டவே இல்லை. முதுகுக்குப் பின்னால் ஒளித்த கையில், ஆள்காட்டி விரலின் மேல் நடுவிரலை ஏற்றி வைத்திருக்கிறான். அப்படிச் செய்துகொண்டு கொடுக்கும் வாக்கு செல்லாது என்பது ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு இடையே உள்ள நம்பிக்கை. வாய் ஒன்று சொல்ல, விரல்கள் அதை அப்போதே அழித்துவிட்டன. அந்தப் பொய் தமிழுக்கு வந்து சேராததால் கதையின் முடிச்சே அவிழ்ந்துபோனது.

இதே விரல் பின்னலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி எல்லோரும் பார்க்கும்படி அதைச் செய்தால், நல்லபடியாக நடக்க வேண்டும் என்ற வேண்டுதல் அது. பல வேளைகளில் விரலை அசைக்காமல், 'விரல்களைப் பின்னியிருக்கிறேன்' என்று வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்போது அது வெறும் மரபுத்தொடர், விரலைப் பற்றிய பேச்சே தமிழில் தேவையில்லை. ஆக, கை எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள், உண்மையில் அசைந்ததா என்ற மூன்றையும் கவனித்த பிறகுதான் பொருள் தெளியும். அகராதியில் சொல்லுக்குச் சொல் தேடினால் இது அகப்படாது.

கைகட்டுதல் என்று மாற்றியதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 'அவன் முன்னால் கைகட்டி நின்றான்' என்றால் நமக்கு அடக்கம், பணிவு, சில நேரம் அடிமைத்தனம் என்றே தோன்றும். ஆங்கிலக் கதைகளில் ஒருவர் மார்பின் குறுக்கே கைகளைக் கட்டினாலோ, பெரும்பாலும் அவர் இணங்க மறுக்கிறார் அல்லது எதிராளியை எடைபோடுகிறார். கணவன் பேசப் பேச மனைவி கைகட்டி நின்றதாக ஒரு நாவலில் வருவதை அப்படியே பெயர்த்தால், வாதத்துக்குத் தயாராக நிற்பவள் தமிழில் வாயில்லாப் பூச்சியாகிவிடுவாள்.

எல்லாவற்றையும்விட அதிகம் தடுமாற வைப்பது கையை உயர்த்தும் செயல்தான் என்பது என் கணிப்பு. ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை வேறுபாடும் வினைச்சொல்லும் சேர்ந்து பொருளைத் தீர்மானிக்கின்றன. உரையாடலின் நடுவே ஒரு கையை மட்டும் உயர்த்திப் பிடித்தால், 'நிறுத்து' அல்லது 'சற்றுப் பொறு' என்பது பொருள். துப்பாக்கிக்கு எதிரே இரண்டு கைகளும் மேலே போனால் சரணடைதல். இரு கைகளையும் மேலே வீசினால் சலிப்பு, இதற்குமேல் என்னால் ஆகாது என்ற கைவிடல். ஒருவருக்கு எதிராகக் கையை உயர்த்தினார் என்று வந்தால் அடித்தார், அல்லது அடிக்கப் போனார். நாமோ பேச்சிலும் எழுத்திலும் இரு கைகளையும் 'கை' என்று ஒருமையிலேயே சொல்லிப் பழகியவர்கள். அதனால் இந்த நான்கும் 'கையை உயர்த்தினார்' என்ற ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இத்தனைக்கும் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அடிக்கப் போனவர் கையை ஓங்குகிறார். என்னிடம் ஒன்றுமில்லை என்பவர் கையை விரிக்கிறார். சலித்துக் கை வீசும் ஆங்கிலேயருக்கு 'கையை விரித்தார்' என்பது பல இடங்களில் பொருந்தும். இல்லையென்றால் 'சலிப்போடு கைகளை உதறினார்' என்று எழுதலாம்.

மேசைமேல் விரல்களால் தட்டுபவரைத் 'தாளம் போட்டார்' என்று எழுதிவிடுகிறார்கள். மூலத்தில் அவர் பொறுமையிழந்து கொண்டிருப்பார். மூக்கின் பக்கவாட்டில் விரலால் தட்டும் ஆங்கிலேயர் வியக்கவில்லை, 'இது நமக்குள் இருக்கட்டும்' என்கிறார். ஆறுதலுக்கு ஒன்றைச் சொல்கிறேன்: கையைப் பிசைவது மட்டும் இரு மொழியிலும் ஏறக்குறைய ஒரே தவிப்புதான்.

காலமும் இடமும்கூடப் பொருளை மாற்றும். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் முதல் காட்சியில் ஒரு வேலையாள் எதிர்த்தரப்பினரைப் பார்த்துத் தன் கட்டைவிரலைக் கடித்துக் காட்டுகிறான். நாணத்தால் நகம் கடிக்கிறான் என்று நம் வாசகர் எண்ணக்கூடும். அது பொறுத்துக்கொள்ள முடியாத அவமதிப்பு, அதிலிருந்துதான் சண்டையே மூள்கிறது. 1941-இல் சர்ச்சில் வெற்றிக் குறியாகப் புகழ்பெறச் செய்த இரு விரல் சைகை, உள்ளங்கை எதிரில் இருப்பவரை நோக்கினால் வெற்றி; புறங்கை நோக்கினால் பிரிட்டனில் அது வசை. அதே புறங்கையைக் காட்டும் அமெரிக்கக் கதாபாத்திரம் 'இரண்டு' என்று எண்ணிக்கை சொல்பவராக இருக்கலாம். எழுதியவர் எந்த நாட்டவர் என்று பார்க்காமல் இதைத் தமிழில் எழுதத் துணியக்கூடாது.

ஜான் புல்வர் என்ற ஆங்கில மருத்துவர் 1644-இல் கையின் மொழியைப் பற்றித் தனி நூலே எழுதினார். பைபிள் சொல்லும் பாபேல் கோபுரக் கதையில் மனிதரின் மொழிகள் குழம்பியபோது கையின் மொழி மட்டும் தப்பிவிட்டது, அது மனிதர் எல்லோருக்கும் இயல்பானது என்பது அவருடைய கருத்து. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அவரைப் படித்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும், அசைவை எழுதிவிட்டால் பொருள் தானே விளங்கிவிடும் என்று நம்பும்போது அவர் பக்கமே நிற்கிறார்கள்.

இதற்கு அடிக்குறிப்பு தீர்வாகாது. கதையின் நடுவே வாசகரைப் பக்கத்தின் அடிக்கு இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்றுவது எனக்கு உவப்பில்லை. பொருளை வாக்கியத்துக்குள்ளேயே சில சொற்களில் வைத்துவிட முடியும். அந்தச் சிறுவனின் வரியை நான் இப்படி எழுதியிருப்பேன்: 'இனி போகமாட்டேன் அம்மா என்றான், சொன்ன சொல் தன்னைக் கட்டாதிருக்க, முதுகுக்குப் பின்னால் விரல்மேல் விரலை ஏற்றி வைத்திருந்தான்.' அக்கதை நூலாக வருமானால், இந்த ஓர் இடத்தையாவது திருத்திக்கொள்ளும்படி மொழிபெயர்ப்பாளரிடம் தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்