குதிரை வாங்கத் தெரியாத திராவிடர்

அன்புள்ள கதிர்,

உன் கடிதமும் கூடவே இருந்த பதினோரு கோரிக்கைகளும் வந்து சேர்ந்தன. வீட்டில் அனைவரும் நலம்தானே? இங்கும் எல்லோரும் சுகம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற நம் கம்ப்யூட்டர் போர் விளையாட்டுக்கு அடுத்து என்ன வேண்டும் என்று நீ எழுதியதில் பாதி சரி, கால்வாசி நடக்காது, மிச்சம் ஏற்கெனவே கேமிலேயே இருக்கிறது. ஒரு ஆட்டக்காரனுக்கு 500 மக்கள்தொகை வேண்டும் என்கிறாய். லாபியில் (நாமே ஆட்டம் அமைக்கும் இடம்) மாற்றிக்கொள்ளலாம்டா, ரேங்க்டில்தான் (தரவரிசைப் போட்டி) 200. ஏன் 200 என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நம் ஆட்கள் விஷயம்.

2022 ஏப்ரல் 28 அன்று 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் தொகுப்பு வந்தபோது, 2013-லிருந்து 'இந்தியர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்து இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என நான்காக்கினார்கள். நல்ல வேலைதான். ஆனால் அவிழ்த்த கையோடு தெற்கை மறுபடி மூட்டை கட்டிவிட்டார்கள். சோழர், பாண்டியர், சேரர், ஹொய்சாளர், காகதீயர், விஜயநகரம் எல்லாரும் ஒரே கொடியின் கீழ். அந்தக் கொடியும் சோழக் கொடி மாதிரிதான் ஆடுகிறது: கேம்பெயின் (கதை ஆட்டம்) ராஜேந்திரனுடையது, பலம் கப்பல்துறையிலும் காலாட்படையிலும். 1025-இல் கடாரத்துக்குக் கப்பல் விட்டவனை நாயகனாக வைத்தால் அப்படித்தான் வரும்.

அந்த வடிவமைப்பில் கணக்கு அழகாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஏஜ் (காலகட்டம்) ஏறும்போதும் 200 மரம் இலவசம். இரண்டாவதான ஃபியூடலில் வில்லாளிகளை உருவாக்கும் ஆர்ச்சரி ரேஞ்சுக்கு 175, வீட்டுக்கு 25. சில்லறை மிஞ்சாமல் தீர்கிறது. மூன்றாவதான கேசில் ஏஜில் முற்றுகைக் கருவி செய்யும் சீஜ் வொர்க்‌ஷாப் சரியாக 200. அதற்குமேல் சீஜ் யூனிட்டுக்கு மரத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, பாரக்ஸ் (காலாட்படைக் கூடம்) ஆராய்ச்சிகளுக்குப் பாதி விலை. தண்ணீர் மேப்பில் இவர்களை எதிர்கொள்ள யாருக்கும் பயம்தான்.

அரேபியா மாதிரி திறந்த மேப்பில் இறங்கினால் கதை வேறு. நைட் (கனத்த குதிரை வீரன்) கிடையாது, ஒட்டகமும் கிடையாது. எதிரியின் நைட்டுக்கு வேகம் 1.35, நம் ஈட்டிக்காரனுக்கு 1. செலவுக்குச் செலவு சண்டை போட்டால் ஈட்டிக்காரர்கள்தான் ஜெயிப்பார்கள், ஆனால் சண்டை எங்கே நடக்கும் என்பதை நைட் முடிவு செய்கிறான். மரம் வெட்டும் இடத்தில் நாலு வில்லேஜரைக் கொன்றுவிட்டு, ஈட்டி வந்து சேர்வதற்குள் தங்கம் எடுக்கும் இடத்துக்குப் போய்விடுவான். மலிவாகச் செய்த மேங்கனல்களும் (கல்லெறி வண்டிகள்) காவலுக்கு வேகமும் வலுவும் உள்ள ஆள் இல்லாமல் ஒவ்வொன்றாகச் சாகும்.

இதற்கு ஊட்ஸ் ஸ்டீல் (எதிரியின் கவசத்தைக் கணக்கில் எடுக்காமல் அடிக்க வைக்கும் டெக், அதாவது ஆராய்ச்சி) பதில் இல்லையா என்று கேட்டிருந்தாய். உருக்கு பெயர் பெற்ற நாடு என்பதால் அந்த டெக் பெயரளவில் எனக்கும் பிடிக்கும். சாம்பியன் என்ற உச்ச வாள்வீரனின் அடிப்படைத் தாக்கு 13. எதிரியின் கவசம் 5 என்றால் வழக்கமாக 8 இறங்கும். ஊட்ஸ் வந்தபின் 13-ம் இறங்கும். கேட்கப் பிரமாதம். ஆனால் காலாட்படையை அரேபியாவில் கொல்வது வில்லாளிக் கூட்டம். வில்லாளிக்குக் கைச்சண்டைக் கவசமே சொற்பம், ஊட்ஸ் அங்கே கூட்டிக் கொடுப்பதும் சொற்பம். கிட்டே போய்ச் சேர்வதுதான் பிரச்சினை, போய்ச் சேர்ந்தபின் எவ்வளவு அடிக்கிறோம் என்பதல்ல. கடைசி ஏஜான இம்பீரியலில் வரும் டெக்கைக் கேசில் ஏஜிலேயே அடிவாங்கும் நாகரிகத்துக்கு மருந்தாகக் கொடுத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை.

இடையில் ஒன்று. திராவிடருக்கே உரிய சுருள்வாள் வீரனுக்கு 'உறுமி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மலையாளத்தில் அது வாள். நமக்கு உறுமி என்றால் கோயில் கொடையில் அடிக்கிற மேளம். 'சுருள்வாள்' என்று மாற்றச் சொல்லி நீ எழுதியிருப்பதை முழுமனதோடு ஆதரிக்கிறேன், எதுவும் நடக்காது என்று தெரிந்தும்.

குதிரைக்கு வருவோம். "தெற்கே குதிரை இல்லை, அதனால் நைட் இல்லாதது வரலாற்றுப்படி சரி" என்று சிலர் வாதாடுவார்கள். பாதி உண்மை. நல்ல குதிரை இங்கே வளரவில்லை, வாங்கினார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பலில் குதிரை வந்ததையும், பராமரிக்கத் தெரியாததால் அவை ஆண்டுதோறும் செத்ததையும், சோறும் இறைச்சியும் சமைத்துத் தீனியாகப் போட்டதையும் எழுதியிருக்கிறார். விஜயநகரம் போர்ச்சுகீசியரிடம் குதிரைக்காகவே உறவு பேணியது. ஆக, குதிரை உண்டு, விலை அதிகம், வளர்ப்பு இல்லை, வணிகம் உண்டு. கேம் மொழியில் அதை அப்படியே எழுதலாம்: நைட் ஸ்டேபிளில் (குதிரை லாயம்) கிடையாது, மார்க்கெட்டில் கிடைக்கும், தங்கம் கூடுதல்.

துறைமுகத்தில் வைக்கலாமே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கப்பலில் வந்த குதிரை, பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அரேபியாவில் தண்ணீரே இல்லை. டாக் (துறைமுகம்) கட்ட முடியாது. எங்கே குதிரை தேவையோ அங்கே கிடைக்காமல், தீவு மேப்பில் கொட்டிக் கிடக்கும். எனவே மார்க்கெட். ஸ்டேபிளுக்கும் மார்க்கெட்டுக்கும் அதே 175 மரம்தான், கணக்கும் கெடாது. வழக்கமான நைட் 60 உணவு, 75 தங்கம். தங்கத்தை 100 ஆக்கு. ஒரு கட்டடம் 30 நொடிக்கு ஒருவனை விடும், நிமிடத்துக்கு 150 தங்கம் போகும் இடத்தில் 200 போகும். பத்து நைட்டுக்கு 250 கூடுதல். ஆறேழு பேரைக் காவலுக்கு வைத்துக்கொள்ள முடியும், நாற்பது பேரைத் திரட்டி ஊரை அழிக்க முடியாது. நைட்டின் அடுத்த நிலையான கவாலியரோடு நிறுத்து, அதற்கும் மேலான பாலடின் வேண்டாம்.

இதைக் கோரிக்கையாக அனுப்பும் முன் நீயே செய்து பார்க்கலாம். கேமின் தரவுக் கோப்பை மாற்ற உதவும் அட்வான்ஸ்டு ஜீனி எடிட்டரை இறக்கிக்கொள். கேம் நிறுவிய ஃபோல்டரில் 'ரிசோர்சஸ்', அதற்குள் 'காமன்', அதற்குள் 'டேட்' என்று போனால் 'எம்பயர்ஸ்2' என்று தொடங்கும் பெரிய கோப்பு ஒன்று இருக்கும். அதைத் தொடாதே, நகல் எடு. நகலை எடிட்டரில் திறந்து, யூனிட் பட்டியலில் திராவிடரைத் தேர்ந்தெடுத்து 38-ஆம் எண்ணுக்குப் போ, அதுதான் நைட். பயிற்சி இடம் 101 என்றிருக்கும், ஸ்டேபிள். அதை 84 ஆக்கினால் மார்க்கெட். தங்கத்தை 75-லிருந்து 100 ஆக்கு. பட்டன் எண்ணைக் கவனி: மார்க்கெட்டில் டிரேட் கார்ட் (வணிக வண்டி) ஏற்கெனவே ஒரு பட்டனில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் ஒன்று மற்றதை மறைத்துவிடும், நைட்டே வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வாய். 283-ஆம் எண் கவாலியருக்கும் இதே மூன்று மாற்றங்கள். இதை மறந்தால் கவாலியர் ஆராய்ச்சி முடிந்த நிமிடமே பட்டன் மார்க்கெட்டைவிட்டு ஓடிவிடும்.

எல்லாரும் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த எடிட்டரில் ஒரு யூனிட்டில் செய்த மாற்றத்தை எல்லா நாகரிகத்துக்கும் தானாகவே நகலெடுக்கும் வசதி உண்டு. அதை அணைக்காமல் வேலை செய்தால் ஃபிராங்குகள் போன்ற மற்ற நாகரிகத்தாரும் மார்க்கெட்டில்தான் குதிரை வாங்குவார்கள். முதலில் அதை அணை.

பிறகு எஃபெக்ட் பட்டியலில் திராவிடர் டெக் ட்ரீயை (எது உண்டு, எது இல்லை என்ற பட்டியல்) தேடு. அதற்குள் 102 என்ற வகை வரிசையாக நிற்கும்; 'இந்த டெக் கிடையாது' என்று பொருள். நைட்டைத் திறக்கும் மறைமுக டெக்கையும் கவாலியரையும் தடுக்கும் வரிகளை மட்டும் நீக்கு. சேமித்து, உன் லோக்கல் மாட் (நாமே செய்த மாற்றம்) ஃபோல்டரில் அதே ஃபோல்டர் வரிசையை உருவாக்கி உள்ளே வை. மாட் மெனுவில் இயக்கி, லாபியில் டேட்டா மாட் என்ற இடத்தில் தேர்ந்தெடு. கேமுக்குள் தெரியும் டெக் ட்ரீ படம் வேறு கோப்பிலிருந்து வருகிறது, அதில் நைட் இருட்டாகவே தெரியும். பயப்படாதே. ஒவ்வொரு அதிகாரப்பூர்வ பேட்சுக்குப் (திருத்தப் பதிப்பு) பின்னும் புதுக் கோப்பை நகலெடுத்து இந்த மாற்றங்களைத் திரும்பச் செய்ய வேண்டும். பழையதையே ஓட்டினால் நல்ல காலத்தில் பழைய பேலன்ஸ், கெட்ட காலத்தில் கிராஷ்.

புது நாகரிகங்கள் பற்றி நீ நான்கு கேட்டிருக்கிறாய். 2025 மே மாதம் வந்த ஐந்தோடு அப்போது ரேங்க்டில் 50 ஆயிற்று. இன்னொன்று வந்தால் அது இருக்கிற எல்லாரோடும் மோதிப் பார்க்கப்பட வேண்டும். குரல், கோட்டை, அதிசயக் கட்டடம், கம்ப்யூட்டர் ஆட்டக்காரனுக்கான ஸ்கிரிப்ட் எல்லாம் தனி. எனவே ஒன்றே ஒன்று கேள்: கன்னடர். சாளுக்கியர், ஹொய்சாளர், 1336 முதல் 1565 தலைக்கோட்டை வரை விஜயநகரம் என்று ஆயிரம் ஆண்டுச் சரக்கு இருக்கிறது, குதிரையும் துப்பாக்கியும் இயல்பாக வரும். சேரருக்குத் தனியாகக் கேட்பது ஆசை, வலுவில்லை. அந்த 2025 தொகுப்பில் என்ன நடந்தது பார்த்தாய் அல்லவா? வட சீனப் பக்கத்து கித்தானும் ஜுர்ச்சனும் பலரும் கேட்டவை. கூடவே சீனாவில் வெய், ஷூ, வூ என்று மூன்றாம் நூற்றாண்டில் சில பத்தாண்டு நின்ற அரசுகளை ரேங்க்டில் இறக்கி, ஹீரோ யூனிட்டும் கொடுத்தார்கள். டங்குட்டையும் திபெத்தையும் எதிர்பார்த்தவர்கள் கொதித்தது நியாயம்தான்.

இனி 200. இந்த கேமின் அடித்தளம் 1999-இல் போட்டது. மோடத்தில் எட்டுப் பேர் ஆட வேண்டும். ஆயிரக்கணக்கான யூனிட்டுகளின் நிலையை அனுப்ப வழியில்லை. அதனால் யூனிட்டுகளை அனுப்பவே இல்லை, கட்டளைகளை மட்டும் அனுப்பினார்கள். 'இந்தப் பத்து வில்லாளிகள் இந்தப் புள்ளிக்கு' என்ற வரி எல்லா கம்ப்யூட்டருக்கும் போகும், ஒவ்வொன்றும் முழு உலகத்தையும் தானே கணக்கிடும். அன்று சுமார் 200 மில்லிசெகண்ட் ஒரு சுற்று, கட்டளை இரண்டு சுற்று தள்ளித்தான் நிறைவேறும், எல்லா இடத்திலும் ஒரே கணத்தில். இன்று எவ்வளவு மெருகேற்றினாலும் அடிப்படை அதுவே. ஆகவே எட்டுப் பேரில் ஒருவனுடைய பழைய லேப்டாப் திணறினால் எல்லாருக்கும் ஆட்டம் தாமதமாகும். 4-க்கு 4 ஆட்டத்தில் 200 என்பதே 1600 யூனிட். 500 என்றால் 4000.

மேப் ஹேக்கை, அதாவது மறைந்திருக்கும் மேப்பைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதை, தடுக்க வேண்டும் என்ற உன் முதல் கோரிக்கையும் இங்கேதான் மாட்டுகிறது. முழு உலகமும் எல்லா கம்ப்யூட்டரிலும் இருப்பதால், இருட்டு என்பது திரையில் போட்ட துணி மட்டும். துணியை விலக்கத் தெரிந்தவனை இந்த அமைப்பில் முற்றாகத் தடுக்க முடியாது. சர்வரே உலகத்தை வைத்துக்கொண்டு தெரியவேண்டியதை மட்டும் அனுப்பும்படி கேமையே மறுபடி எழுத வேண்டும். அதைக் கேட்காதே. ஆட்டம் முடிந்தபின் ரெக்கார்டைச் சோதிக்கச் சொல். அதில் எல்லாக் கட்டளையும் இருக்கிறது. தான் பார்க்காத இடத்தில் நிற்கும் கட்டடத்துக்கு நேராகப் படையை அனுப்புவது ஒருமுறை அதிர்ஷ்டம், முப்பது ஆட்டத்தில் தொடர்ந்து நடந்தால் கம்ப்யூட்டரே பிடித்துவிடும்.

ரெக்கில் (ஆட்டப் பதிவு) பின்னால் போகும் வசதி கேட்டது நல்ல கோரிக்கை, ஆனால் சொன்ன விதம் தவறு. ரெக் என்பது வீடியோ அல்ல, கட்டளைப் பட்டியல். 40-ஆவது நிமிடத்திலிருந்து 38-க்குப் போக, 0-விலிருந்து மறுபடி கணக்கிட வேண்டும். ஆனால் நடு ஆட்டத்தைச் சேமித்து மீட்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறதே. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்படி ஒரு நிலையைச் சேமித்து வைத்தால், அங்கே குதித்து மூன்று நிமிடம் ஓட்டினால் போதும். 'ஐந்து நிமிடத்துக்கு ஒரு சேமிப்புப் புள்ளி' என்றே எழுது, படிக்கிற புரோகிராமருக்கு உடனே புரியும். பேட்ச் வந்தபின் பழைய ரெக் ஓடாததும் இதே காரணத்தால்தான்: கட்டளை அதுவே, கணக்கு மாறிவிட்டது.

மேப் பிடிக்கவில்லை என்று ஆட்டம் தொடங்குமுன் ஓடுபவர்களுக்குத் தண்டனையைக் கூட்டுவதால் பெரிய பயன் இருக்காது. ஒருவன் ஓடினால் மற்ற ஏழு பேரும் முதலிலிருந்து வரிசையில் நிற்பதுதான் எரிச்சல். அந்த ஒரு இடத்தை மட்டும் நிரப்பச் சொல். வாசலில் யூனிட்டுகள் முட்டிக்கொண்டு நிற்பதைப் பற்றி எழுதினால் 'பாத்திங் (வழி தேடுவது) மோசம்' என்று மட்டும் எழுதாதே, அதை ஆயிரம் பேர் எழுதியாயிற்று. சினாரியோ எடிட்டரில் ஒரு சுவர், ஒரு கேட், இருபது நைட் வைத்து, அது நடக்கும்படி செய்து, அந்தக் கோப்பை இணைத்து அனுப்பு.

திராவிட மாட் முடிந்ததும் கோப்பை அனுப்பு. ஞாயிறு மாலை இருவரும் ஆடிப் பார்க்கலாம். நான் ஃபிராங்குகளை எடுக்கிறேன், அரேபியா. அதற்குமுன் இருவருக்கும் பேட்ச் எண் ஒன்றுதானா என்று பார்த்துவிடு.

அன்புடன்,
செல்வம்