1996-ஆம் வருடத்துக் கையெழுத்து: எங்கள் வங்கி நிர்வாகத்துக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சென்னை க்ளியரிங் மையத்தில் இன்வர்ட் பிரிவில் வேலை செய்கிறேன். வேறு வங்கிகளில் போடப்படும் நம் வங்கிச் செக்குகள் படமாக என் திரைக்கு வரும். இடப்பக்கம் செக், வலப்பக்கம் வாடிக்கையாளர் நம்மிடம் கொடுத்துவைத்த மாதிரிக் கையெழுத்து. தேதி, தொகை, திருத்தம், கையெழுத்து எல்லாம் பார்த்து பாஸ் போட வேண்டும், இல்லையென்றால் ரிட்டர்ன். 2011 செப்டம்பரில் சென்னைக்கு சி.டி.எஸ். (செக்குக்குப் பதில் அதன் படத்தை மட்டும் அனுப்பும் முறை) வந்தபின் காகிதம் என் கைக்கு வருவதில்லை. அது போட்ட வங்கியிலேயே தங்கிவிடும்.

முன்பெல்லாம் கிளையில் லெட்ஜர் பார்த்தவர் செக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பேனா அழுந்திய தடத்தை விரலால் தடவுவார். கை நடுங்கியிருந்தாலும் "நம்ம ஹெட்மாஸ்டர் சார்தான்" என்று பாஸ் போடுவார். எனக்கு ஹெட்மாஸ்டரைத் தெரியாது. தெளிவு குறைந்த 100 டி.பி.ஐ. சாம்பல் நிறப் படத்தில் மை அழுத்தமும் தெரியாது. மாதிரிக் கையெழுத்து ஒன்றுதான் துணை. அது எந்தக் காலத்தது என்பதுதான் பிரச்சினையே.

போன மாதம் ஒரு பென்ஷன்தாரரின் செக் வந்தது. வலப்பக்கம் 1996-ல் வாங்கிய கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் சாட்டை மாதிரி நீண்டிருந்தது. செக்கில் அதே பெயர், நாலு இடத்தில் உடைந்து, கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. கணக்கில் பணம் இருந்தது. செக் ஒரு கல்யாண மண்டபத்தின் பெயருக்கு. கிளைக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. வாடிக்கையாளர் எண் என்று பதிவில் இருந்தது பழைய லேண்ட்லைன். 'கையெழுத்து வேறுபடுகிறது' என்று திருப்பிவிட்டேன். ரிட்டர்ன் கட்டணத்தை கணினி தானாகவே பிடித்துக்கொண்டது. அந்தக் கல்யாணம் என்ன ஆனதோ தெரியாது.

கையெழுத்து மாறித் திரும்பிய செக்குக்கும் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138-ஆம் பிரிவில் வழக்கு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்ததும் பணத்தைக் கட்டினால் தப்பலாம்தான். ஆனால் எழுபது வயதுக்காரர் வீட்டு வாசலில் வக்கீல் நோட்டீஸ் வந்து நிற்பது நம்மிடமுள்ள மாதிரிக் கையெழுத்து அட்டை பழசானதால் அல்லவா? சரி, பாவம் பார்த்து பாஸ் போடலாம். அது போலியாக இருந்தால் நஷ்டம் வங்கிக்கு, மெமோ எனக்கு.

செக் விவரங்களை வாடிக்கையாளரே முன்கூட்டி வங்கிக்குத் தெரிவிக்கும் பாசிட்டிவ் பே இருக்கிறதே என்பீர்கள். அது 50,000 ரூபாயிலிருந்துதான். அதுவும் தேதி, பெயர், தொகை போன்றவற்றைத்தான் ஒப்பிடும். கையெழுத்து பழையபடி என் கண்ணுக்குத்தான்.

2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் பகல் முழுக்க விடாமல் வருகின்றன. மாலை ஏழு மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் பாஸ் ஆனதாகவே கொள்ளப்படும். வேகம் நல்லதுதான், மறுநாள் வரை காத்திருந்தவர்களுக்கு அன்றைக்கே பணம் கிடைக்கிறது. ஆனால் மணிக்கு எத்தனை செக் முடித்தேன் என்று எண்ணும் உங்கள் அறிக்கையில், சந்தேகம் வந்து ஒருவருக்குப் போன் செய்த நாலு நிமிடம் என் சோம்பேறித்தனமாகப் பதிவாகிறது. அந்த நிமிடங்களைத் தனியாகக் கணக்கு வையுங்கள்.

அதைவிட முக்கியமாக, மாதிரிக் கையெழுத்துகளைப் புதுப்பியுங்கள். இதற்குத் தனி முகாம் எதுவும் வேண்டாம். நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்கப் பென்ஷன்தாரர்கள் கிளைக்கு வருகிறார்கள். வீட்டிலிருந்தே முகம் காட்டி டிஜிட்டலில் கொடுப்பவர்கள் போக, இன்னும் எத்தனையோ பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போதே மூன்று கையெழுத்தும் செல்போன் எண்ணும் வாங்கலாம். மற்றவர்களுக்குக் கே.ஒய்.சி. புதுப்பிக்கும்போது வாங்கலாம். பழையதை அழிக்க வேண்டாம், தேதி போட்டுப் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கை எப்படித் தளர்ந்து வந்திருக்கிறது என்று எங்களுக்குப் பிடிபடும்.

ஸ்கேன் செய்யும்போது மட்டும் கொஞ்சம் கவனம். பாதிக் கையெழுத்தின் மேல் கிளை முத்திரை விழுந்த அட்டைகள் இப்போதே ஏராளமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
இன்வர்ட் பிரிவு ஊழியன்