தென் கொரியா, கானா: உதவிக் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களில் பொருளியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

1957இல் கானா விடுதலை அடைந்தபோது அதன் தலா வருமானமும் தென் கொரியாவின் தலா வருமானமும் ஏறக்குறைய சமம். இரண்டுமே வெளிநாட்டு உதவி வாங்கின. ஒன்று உழைத்து முன்னேறியது, மற்றது ஊழலில் தொலைத்தது. உங்கள் பாடக்குறிப்பு இப்படித்தான் போகிறது. வருமானக் கணக்கு சரி. ‘இரண்டுமே உதவி வாங்கின’ என்று ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறீர்களே, அங்கேதான் எனக்கு வழக்கு.

எவ்வளவு வாங்கின? 1946 முதல் 1978 வரை அமெரிக்கா தென் கொரியாவுக்குக் கொடுத்த பொருளாதார உதவி சுமார் 600 கோடி டாலர். ராணுவ உதவி தனி. அதே காலத்தில் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் சேர்த்துக் கொடுத்தது ஏறக்குறைய 700 கோடி. கானா அந்தக் கண்டத்தில் ஒரே ஒரு நாடு.

1950களில் கொரியாவுக்கு வந்ததில் பெரும்பகுதி மானியம். திருப்பித் தர வேண்டியதில்லை. நாட்டின் இறக்குமதிச் செலவில் பெரும்பங்கை அதுதான் தாங்கியது. அப்புறம், கொரியாவை முன்பு அடிமைப்படுத்தி ஆண்ட ஜப்பானுடன் உறவைச் சீர்படுத்திய 1965 ஒப்பந்தப்படி, அந்நாட்டிடமிருந்து 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் வந்தன. உலக வங்கி தேறாது என்று கைவிரித்த போஹாங் எஃகு ஆலை அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டே எழும்பி, 1973இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த ஆட்சிக் காலத்தில் ஜப்பானியர் கட்டாய வேலைக்கு இழுத்துப்போன கொரியர்களுக்கு அந்தப் பணத்தில் கிடைத்தது சொற்பம். வியட்நாம் போருக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பியதற்கும் அமெரிக்க டாலர் வந்தது. இதெல்லாம் ‘உழைப்பு’ என்ற தலைப்பில் அடங்குமா, நீங்களே சொல்லுங்கள்.

கானா பக்கம் வாருங்கள். வோல்டா ஆற்றில் அகோசோம்போ அணை கட்ட ஏறத்தாழ பாதிச் செலவை கானாவே போட்டது. மீதி உலக வங்கி, அமெரிக்கா, பிரிட்டன் கொடுத்த கடன். சுமார் 80,000 பேர் ஊரை விட்டுப் போனார்கள். மின்சாரத்தில் பெரும்பகுதியோ மலிவு விலையில் அமெரிக்க நிறுவனங்களின் அலுமினிய ஆலைக்குப் போனது. அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் கானா மண்ணிலேயே கிடக்க, அதிலிருந்து பிரித்தெடுக்கும் அலுமினா ஆலைக்கு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது! இதற்கு நடுவே கொக்கோ விலையும் சரிந்தது. கானாவின் முதல் அதிபர் என்க்ருமா கைக்கு மீறிச் செலவழித்தார் என்பதும் உண்மை. 1966 ஜனவரியில் அணையைத் திறந்துவைத்தார், பிப்ரவரியில் ராணுவம் அவரை இறக்கிவிட்டது.

பணம்தான் கொரியாவை வளர்த்தது என்று நான் வாதாடவில்லை. அவ்வளவு உதவிக்குப் பிறகும் 1960 வரை அது தேறாத நாடு என்றே பலர் நினைத்தார்கள். நிலச் சீர்திருத்தம், பரவலான பள்ளிக்கல்வி, ஏற்றுமதி இலக்கை எட்டும் முதலாளிக்கே மலிவுக் கடன் என்ற கெடுபிடி ஆகியவை சேர்ந்த பிறகுதான் நிலைமை மாறியது.

எனவே ஒரு கோரிக்கை. கரும்பலகையில் நீங்கள் போடும் அட்டவணையில் தலைக்கு எவ்வளவு, மானியமா கடனா, என்ன நிபந்தனையில் என்று மூன்று பத்திகளைச் சேருங்கள். 2010இல் கொரியா நன்கொடை நாடுகளின் குழுவில் சேர்ந்ததையும், 2022இல் கானா வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றதையும் அதற்கடுத்து எழுதுங்கள். மறைக்கச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் குறிப்புகளை வைத்துப் படிக்கும் ஒரு மாணவியின் தந்தை