ஸ்டாக்வெல் வாத்தியார்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. முட்டி வலி, அப்புறம் பேத்தியின் பரீட்சை என்று பதில் தள்ளிப்போய்விட்டது. உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு நிம்மதி.

ஒரு வாத்தியாரின் கதை ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை. ஜான் செல்பி வாட்சன் என்று பெயர். ஆங்கிலிக்கன் பாதிரியார். 1844 முதல் லண்டன் ஸ்டாக்வெல்லில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியர். லுக்ரீஷியஸ், செனபோன், குவின்டிலியன் என்று பழங்கால லத்தீன், கிரேக்க எழுத்தாளர்களில் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். நமக்குக் கோனார் உரை எப்படியோ, அப்படி லத்தீன் படித்த பையன்களுக்கு அவர் கைகொடுத்திருப்பார். 1870-இல் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பென்ஷனும் இல்லை. கால் நூற்றாண்டு உழைத்தவர்!

மறுவருஷம் அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை. வேலைக்காரப் பெண் வெளியே போயிருந்த நேரத்தில், ஆன் என்ற தன் மனைவியைத் துப்பாக்கிப் பிடியால் அடித்தே கொன்றுவிட்டார். திரும்பி வந்தவளிடம், அம்மா வெளியூர் போயிருக்கிறாள் என்றார். தரையில் ஒரு கறை. அவள் கேட்காமலே, அது கொட்டிப்போன போர்ட் ஒயின் என்றாராம். எனக்கு அந்த இடம்தான் கொலையை விடக் குலை நடுங்க வைத்தது. மூன்று நாள் கழித்து விஷம் குடித்தார், பிழைத்துக்கொண்டார்.

ஒரு தாளில், எப்போதும் நேசித்துக்கொண்டே இருப்பது நேசிப்பவனுக்குத்தான் கேடு என்கிற மாதிரி லத்தீனில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். அப்போதும் லத்தீன், பார்!

மனம் பேதலித்துச் செய்தது என்று வக்கீல் வாதாடினார். எடுபடவில்லை. கொலைக் குற்றவாளி என்ற ஜூரிகளே, வயதையும் நல்ல பெயரையும் சொல்லிக் கருணை காட்டக் கேட்டார்கள். தூக்கு ஆயுள் தண்டனையானது. 1884-இல் பார்க்ஹர்ஸ்ட் சிறையில் செத்தார். வேலை போன வாத்தியார் என்றதும் எனக்கும் முதலில் மனசு இளகியது, மறைக்கவில்லை. ஆனால் ஆன்? 1845-இல் டப்ளினில் கல்யாணம், பிறகு அந்தக் கறை. நடுவில் அவள் என்ன பட்டாள் என்று அவள் வாயால் ஒரு வார்த்தை நமக்குக் கிடைக்கவில்லை.

நான் ரிட்டையரான புதிதில் வீட்டில் எரிந்து எரிந்து விழுந்ததைக் கமலா இன்றும் சொல்லிக்காட்டுவாள். இந்தக் கதையை அவளிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

கண்ணுக்குச் சொட்டு மருந்தை மறக்காதே.

உன்,
ராசு