லயத்துக்கார அண்ணனுக்கு

அண்ணே,

சனிக்கிழமை ராத்திரி ஒட்டுக்கடையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனீர்களே, அதற்கப்புறம் உங்கள் ரொட்டி சானாய்க்கும் தே தாரிக்குக்கும் நான்தான் காசு கொடுத்தேன். அதைக் கேட்பதற்கு இந்தக் கடிதம் இல்லை. பேச்சைப் பாதியில் விட்டுப் போய்விட்டீர்கள், மீதியைச் சொல்ல வேண்டும். நேரில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்த உடனே "உனக்கு ஹென்ட்ரிக்ஸைப் பற்றி என்னடா தெரியும்" என்று ஆரம்பித்துவிடுவீர்கள், முப்பது வருஷமாக இதே பாட்டு. அதனால் எழுதிவிடுகிறேன். அந்த மேசையில் இருந்த மற்ற மூன்று பேரும் படித்துக்கொள்ளட்டும்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. ராக் கிட்டாரில் எனக்கு முதல் ஆள் பிளாக் சபாத் குழுவின் டோனி ஐயோமி, அடுத்துதான் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். நீங்கள் சிரித்தீர்கள். "பேரிலேயே ஐயோ இருக்கிறது" என்றீர்கள். சரி, நல்ல நகைச்சுவை, நானும் சிரித்தேன். ஆனால் பிளாக் சபாத் 2025 ஜூலை 5ஆம் தேதி பர்மிங்ஹாம் வில்லா பார்க் திடலில் கடைசியாக வாசித்த காணொளியை என் கைப்பேசியில் முதலில் தேடி எடுத்தது நீங்கள்தான். பாடகர் ஓஸி நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாமல் பாடியதைப் பார்த்துவிட்டு, பதினேழே நாளில் மனுஷன் போய்விட்டாரே என்று 'ச்சு' கொட்டியதும் நீங்கள்தான். பக்கத்தில் நின்று அமைதியாக வாசித்துக்கொண்டிருந்த ஆளை மட்டும் உங்கள் கண் பார்க்கவே இல்லை.

ஹென்ட்ரிக்ஸை நான் குறைத்துப் பேசவில்லை. 1966இல் லண்டனுக்குப் போகிறார், 1970 செப்டம்பர் 18ஆம் தேதி 27 வயதில் இறந்துபோகிறார். நடுவில் நான்கே வருஷம், உயிரோடு இருந்தபோது வந்த ஸ்டூடியோ ஆல்பங்கள் மூன்றே மூன்று. வலதுகைக்காரர்களுக்குச் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிக் கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தார். ஆம்ப்ளிஃபையர் ஊளையிட்டால் நாமெல்லாம் ஓடிப்போய் சத்தத்தைக் குறைப்போம், அவர் அந்த ஊளையையே சுரமாக்கினார். 1969 வூட்ஸ்டாக்கில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்துக்கொண்டே குண்டு விழுகிற சத்தத்தையும் ஆள் அலறுகிற சத்தத்தையும் அதே கம்பியில் கொண்டுவந்தாரே, அதற்கு மேல் ஒருவர் என்ன செய்ய வேண்டும்? ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் காட்டிய சாட்சி இருக்கிறதே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் சிறந்த கிட்டார்காரர்கள் பட்டியலைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினீர்கள். 2003லும் ஹென்ட்ரிக்ஸ்தான் முதல், 2011லும் அவர்தான், 2023லும் அவர்தான், போதுமா என்றீர்கள். போதாது. அதே பட்டியலில் எட்டி வான் ஹேலன் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். 2003இல் 70ஆவது இடம், 2011இல் 8, 2023இல் 4. இரண்டு கையையும் கழுத்துப் பலகையில் வைத்துத் தட்டித் தட்டி அவர் வாசித்த, இரண்டு நிமிஷம்கூட வராத அந்தத் துண்டு 1978லேயே வெளிவந்துவிட்டது. அதில் அப்புறம் ஒரு சுரம்கூட மாறவில்லை. மனுஷன் 2020இல் இறந்தும் போய்விட்டார். ஆனாலும் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கிறார். அதைவிட வேடிக்கை சிஸ்டர் ரோசெட்டா தார்ப். தேவாலயத்துப் பாட்டை மின்சார கிட்டாரில் முழக்கிய அம்மா, 1944லேயே ராக் அண்ட் ரோல் வாடை அடிக்கிற பாட்டைப் பதிவு செய்தவர். 1964இல் மான்செஸ்டரில் ரயில் வராத ஒரு பழைய ஸ்டேஷனில், மழை ஈரத்தில், குதிரை வண்டியில் வந்து இறங்கி கிட்டாரை மாட்டிக்கொண்டு அவர் வாசித்ததை நான் உங்களுக்கு அனுப்பியிருந்தேன், நீங்கள் பார்த்த மாதிரி தெரியவில்லை. 2003 பட்டியலில் நூறு பேர் இருந்தார்கள், அதில் அவர் இல்லை. 2023இல் ஆறாவது இடம். 1973இல் காலமான பெண்மணி நடுவில் வந்து எதையாவது வாசித்துவிட்டுப் போனாரா? பட்டியல் போடுகிறவர்களின் காதுதான் மாறியிருக்கிறது. அப்படி மாறுகிற காதை வைத்துக்கொண்டு என்னை மட்டும் ஏன் அடக்குகிறீர்கள்?

இப்போது ஐயோமிக்கு வருகிறேன். இந்தக் கதை உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன், அன்றைக்கு நீங்கள் பேசியதைக் கேட்டால் தெரியாது போலிருக்கிறது.

பர்மிங்ஹாமில் தகடு வேலை செய்கிற தொழிற்சாலை. பையனுக்கு 17 வயது. இசைக்குழுவோடு வெளியூர் போகப்போகிறான், அன்றைக்குத்தான் தொழிற்சாலையில் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போக மனமில்லாமல் நிற்கிறான். போய் ஒழுங்காக வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவிடுகிறார். அழுத்து எந்திரத்தில் நிற்க வேண்டிய ஆள் அன்றைக்கு வரவில்லை, பழக்கமில்லாத இவனை அங்கே நிறுத்துகிறார்கள். எந்திரம் இறங்குகிறது, கையை இழுக்கிறான், வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போய்விடுகின்றன. இடதுகைப் பழக்கம் உள்ளவன், அதனால் கம்பியை அழுத்துகிற கை அந்த வலது கைதான்.

இனிமேல் கிட்டாரை மறந்துவிடு என்றார்கள் மருத்துவர்கள். தொழிற்சாலையின் ஃபோர்மன் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார், ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. தீ விபத்தில் இடது கை வெந்து, இரண்டு விரலை வைத்துக்கொண்டே உலகத்தை ஆட்டியவர் ஜாங்கோ. அதைக் கேட்ட பிறகு இவன் என்ன செய்தான் தெரியுமா? பாத்திரம் கழுவுகிற சோப்பு பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்கு மூடி செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டான். வழக்கமான கம்பி விரலுக்கு வலித்தது, மெல்லிய கம்பி செட் அப்போது கடையில் கிடைக்காது, அதனால் பாஞ்சோ கம்பியை வாங்கி மாட்டினான். அதுவும் போதாமல் போனபோது 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் கம்பியையே தளர்த்திச் சுருதியை ஒன்றரைக் கட்டை கீழே இறக்கிவிட்டான். இன்றைக்கு ஹெவி மெட்டல் என்று உலகம் முழுக்க வாசிக்கிற அந்த கனமான சத்தத்தில் பாதி, வலிக்காமல் வாசிக்க ஒரு தொழிலாளி கண்டுபிடித்த வழி.

சுருதி என்றதும் நம் கதை ஞாபகம் வருகிறது. அந்த ஆல்பத்தின் கேசட்டை சுங்கை சிப்புட் பாசார் மாலாமில், அந்த ராத்திரிச் சந்தையில், நீங்கள் வாங்கி வந்தீர்கள், ஜெராக்ஸ் அட்டை போட்ட கேசட். உங்கள் வீட்டு ஐந்தடித் திண்ணையில் உட்கார்ந்து உங்கள் கபோக் மார்க் கிட்டாரில் கூடவே வாசிக்கப் பார்த்தோம், எவ்வளவு முறுக்கினாலும் சேரவில்லை. ரேடியோவில் பேட்டரி இறங்கிவிட்டது, அதனால்தான் இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்று நீங்கள் தீர்ப்பு சொல்ல, நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சீனன் கடைக்குப் போய் என் காசில் நான்கு புது பேட்டரி வாங்கி வந்தேன். போட்டோம். அப்போதும் அதே சத்தம். கேசட்டே ஓட்டை என்று தூக்கி வைத்துவிட்டோம். பத்து வருஷம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. பேட்டரியிலும் குறையில்லை, கேசட்டிலும் குறையில்லை, ஐயோமியின் விரல் வலிதான் அங்கே கேட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் அந்த நான்கு பேட்டரிக்கும் இன்னும் காசு தரவில்லை, அது வேறு.

இன்னொன்று. அவர்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு, குழுவின் பெயரேதான் பாட்டுக்கும் பெயர், 1970 பிப்ரவரி. மூன்றே சுரம். கீழ் ச, மேல் ச, பிறகு பிரதி மத்தியமத்தில், அந்த உயர்ந்த 'ம'வில், வந்து நின்று நடுங்குகிறது. அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் இந்த இடைவெளிக்குப் பிசாசின் சுரம் என்று பெயர் வைத்துப் பயந்தார்கள். நமக்கு அதே பிரதி மத்தியமம் கல்யாணி ராகத்தில் வந்தால் கல்யாண வீடு. பஞ்சமத்தையும் காந்தாரத்தையும் பக்கத்தில் வைத்தால் இனிக்கும், யாரும் துணைக்கு இல்லாமல் தனியாக இருட்டில் நிறுத்தினால் முதுகுத்தண்டு சில்லிடும். மூன்று சுரத்தில் இதைச் செய்கிற ஆளை "வேகமே இல்லையே" என்று தள்ளிவிட்டீர்கள். "ரப்பர் பால் கொட்டாய் மெஷின் மாதிரி ஒரே சத்தம்" என்றும் சொன்னீர்கள். அண்ணே, மெஷினில் விரலைக் கொடுத்தவர் வாசித்தால் வேறு எப்படிக் கேட்கும்?

நடுவில் கடைசித் தம்பி மேன் கிடாலின் பெயரைச் சொன்னான், லெஃப்ட்ஹேண்டட் என்ற மலாய் ராக் குழுவின் இடதுகைக் கிட்டார்காரர். நீங்கள் கையை வீசி அவனை உட்கார வைத்தீர்கள், எனக்குப் பிடிக்கவில்லை. ராக் காப்பாக் என்று மலாய் ராக் கொடிகட்டிய காலத்தில் நம் தோட்டத்து பஸ்ஸில் ஓடியது ஹென்ட்ரிக்ஸா? சர்ச் (Search) என்ற ராக் குழுவின் ஹில்லரி ஆங் வாசித்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தானே நீங்களே கம்பியை வளைத்து இழுக்கக் கற்றுக்கொண்டீர்கள். 1992இல் நீள முடி வைத்த பாடகர்களை ஆர்.டி.எம். என்கிற அரசுத் தொலைக்காட்சியில் காட்ட மாட்டோம் என்று சொல்லி, கடைசியில் அமைச்சரே கத்தரிக்கோலை எடுத்து சர்ச் பாடகர் ஏமிக்கும் விங்ஸ் பாடகர் ஆவிக்கும் முடி வெட்டினாரே, அன்று உங்கள் அம்மா அதைச் சாக்காக வைத்து உங்களை பார்பரிடம் இழுத்துக்கொண்டு போனதை நம் வரிசை வீட்டு லயமே கூடி நின்று பார்த்தது. நம் மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் ராத்திரி ராத்திரியாக ஒற்றை கிட்டாரோடு வாசித்து 2012இல் போய்ச் சேர்ந்த பால் பொன்னுதுரையை எந்தப் பட்டியல்காரன் கேட்டான்? சரி, இது தனியாக ஒரு சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அன்று நீங்கள் விரல் விட்டு எண்ணினீர்கள், ஹென்ட்ரிக்ஸ், கிளாப்டன், பேஜ், பெக், கில்மோர், வான் ஹேலன். எல்லாரையும் லீட் வாசிக்கிறவர்களாக, முன்னால் நின்று சோலோ இழுக்கிறவர்களாக மட்டும்தான் எண்ணினீர்கள். ஏசி/டிசி என்றால் அரைக்கால் சட்டை போட்டு மேடையில் ஓடுகிற ஆங்கஸ் என்றீர்கள். பின்னால் ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் அசையாமல் நின்று, கம்பிச் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் ஒன்றே ஒன்று மிச்சமிருந்த கிரெட்ச் கிட்டாரில் அந்தப் பாட்டையெல்லாம் தூக்கி நிறுத்திய அண்ணன்காரர் மால்கம் உங்கள் வாயில் வரவில்லை. 2013இல் மெர்டேக்கா அரங்கத்தில் மெட்டாலிகா வாசித்தபோது என் நெஞ்சில் இடித்தது பின்னணியில் ரிதம் வாசிக்கிற ஹெட்ஃபீல்டின் வலது கைதான், சோலோ எப்போது வந்து எப்போது போனது என்றே தெரியவில்லை. உங்கள் ஹென்ட்ரிக்ஸே லிட்டில் ரிச்சர்டுக்கும் ஐஸ்லி பிரதர்ஸுக்கும் பின்னால் நின்று ரிதம் வாசித்துக் காலம் தள்ளியவர்தானே. மெதுவான பாட்டுகளில் கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே வளைத்து அடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கார்டுக்கு, ஒன்றாக மீட்டுகிற சுரக்கூட்டுக்கு, நடுவில் சின்னச் சின்னதாகப் பின்னுவாரே, அந்த ஹென்ட்ரிக்ஸைச் சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

எனக்குக் கோபம் என்னவென்றால், இதை நீங்கள் சொல்வதுதான். லயத்து வீட்டில் பிறந்து இருபது வருஷம் இசைக்குழுவில் லயத்தை, அந்த ரிதத்தை மட்டுமே வாசித்த ஆள் நீங்கள்.

1994 மாரியம்மன் திருவிழா மேடை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. எனக்குப் பதினேழு வயது, முதல் தடவையாக லீட். 'இளைய நிலா'. 1982இல் அந்தப் பாட்டு வந்ததிலிருந்து நம் பக்கத்தில் கிட்டார் வைத்திருப்பவன் எவனாக இருந்தாலும் அதை வாசித்துக் காட்டினால்தான் ஆள். ஸ்டூடியோவில் சந்திரசேகர் வாசித்தது. மூன்று மாதம் பழகியிருந்தேன். ஆரம்பம் நன்றாக வந்தது, முதல் சரணத்துக்கு முன்னால் வருகிற இடையிசையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அப்பாவைப் பார்த்தேன், அவ்வளவுதான், கை நின்றுவிட்டது. எதுவும் ஞாபகம் வரவில்லை. பாடகர் என்னைப் பார்க்கிறார், தபேலாக்காரர் உங்களைப் பார்க்கிறார். நீங்கள் யாரையும் பார்க்கவில்லை. அந்த நான்கு கார்டையே திரும்பத் திரும்பச் சுற்றினீர்கள், இரண்டாவது சுற்றில் கொஞ்சம் அடக்கி, மூன்றாவதில் கொஞ்சம் எழுப்பி, என்னமோ இப்படித்தான் முதலிலிருந்தே ஏற்பாடு என்கிற மாதிரி. நான்காவது சுற்றில் எனக்கு வழி கிடைத்தது, உள்ளே வந்தேன். கைதட்டினார்கள். மறுநாள் தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டு அம்மா என்னை நிறுத்தி, "நல்லா வாசிச்சியே தம்பி" என்று முறுக்கு கொடுத்தார். உங்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. நீங்களும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, ஒயரைச் சுருட்டி லாரியில் ஏற்றிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அதனால்தான் ஐயோமி என்றேன். உங்களிடம் நேராகச் சொல்ல வரவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கபோக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். நடுவிரலிலும் மோதிர விரலிலும் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு அந்த மூன்று சுரத்தை வாசித்துப் பாருங்கள், நான் முயற்சி செய்து தோற்றுவிட்டேன். புதுக் கம்பி நான் வாங்கி வைக்கிறேன், உங்களுடையது எப்படியும் துருப்பிடித்திருக்கும். ரொட்டி சானாய் கணக்கு 5 வெள்ளி 80 காசு. பேட்டரியைச் சேர்க்கவில்லை.